எதோடும் வேலை செய்யும் இ2: சோதனைக்குழாய்ச் சாட்சியை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவி ஒருவர், தம் குழு கையிலெடுத்திருக்கும் ரிங் வகைப் புரதம் (ரிங் என்ற மடிப்புப் பகுதி கொண்டது) ஒன்று யுபிகுவிட்டின் லைகேஸாக, அதாவது இ3-ஆக, வேலை செய்கிறதா என்று சோதனைக்குழாயில் பார்க்க வேண்டும். யுபிகுவிட்டின் என்பது உயிரணு மற்றப் புரதங்களின் மேல் அடையாளமாக ஒட்டும் ஒரு சிறு புரதம்; அந்த ஒட்டும் வேலையை இ1, இ2, இ3 என்ற மூன்று நொதிகள் அடுத்தடுத்துச் செய்கின்றன. இந்தச் சோதனைக்கு மறுசேர்க்கை முறையில் செய்த மனித யுபிகுவிட்டின் இணைப்பு நொதி, அதாவது இ2, ஒன்று தேவை. விற்பனைப் பட்டியலைத் திறந்தால் வரிசையாகப் பெயர்கள். கூட வேலை செய்பவர்கள், "யுபிசிஹெச்5 வாங்கிக்கொள், எதோடும் வேலை செய்யும்" என்கிறார்கள். அதையே வாங்கலாமா, ஈ.கோலை பாக்டீரியாவில் நாமே செய்துகொள்ளலாமா, ஜெல்லில் ஏணி, அதாவது யுபிகுவிட்டின் ஒவ்வொன்றாகக் கூடியதைக் காட்டும் பட்டை வரிசை, தெரிந்தால் "இது இ3தான்" என்று எழுதிவிடலாமா?

யுபிசிஹெச்5-இலிருந்தே தொடங்குங்கள். நண்பர்கள் சொன்னது தவறில்லை. ஆனால் "எதோடும் வேலை செய்யும்" என்று அவர்கள் பாராட்டாகச் சொன்னதைத்தான் நான் அந்த நொதியின் மேல் குற்றச்சாட்டாக வைப்பேன். ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தியில் முதல் ஆளாகச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒருவர் இருப்பார். அவர் பரிமாறுவதைப் பார்த்துவிட்டு, அவர்தான் மணப்பெண்ணின் தாய்மாமன் என்று முடிவு கட்டினால் எப்படி? யுபிசிஹெச்5-ஓடு உங்கள் புரதம் வேலை செய்தால், புரதத்துக்கு உயிர் இருக்கிறது என்று தெரியும். உயிரணுவுக்குள் அதன் துணை யார், அது எந்த வகைச் சங்கிலி கட்டுகிறது என்பதெல்லாம் தெரியாது.

இந்த நொதிக்கு இ2 என்ற பெயர் வந்த கதையைத் தெரிந்துகொண்டால், உங்கள் குப்பியில் இருப்பது நல்ல சரக்கா என்று சோதிக்கும் முறையும் கூடவே கிடைத்துவிடும். 1983-இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள டெக்னியானில் அவ்ராம் ஹெர்ஷ்கோவின் குழு, முயலின் முதிராச் சிவப்பணுக்களிலிருந்து எடுத்த சாற்றை, யுபிகுவிட்டினை ஒட்டவைத்த மணிகள் நிரப்பிய பிரிப்புக் குழாயின் வழியாக ஏடிபியுடன் விட்டது. மூன்று விதமான புரதங்கள் மணிகளில் பிடித்துக்கொண்டன. மூன்றும் மூன்று விதமாக இறங்கின. ஏஎம்பியும் பைரோபாஸ்பேட்டும் ஊற்றியபோது ஒன்று இறங்கியது; அது இ1. உப்பின் செறிவைக் கூட்டியபோதோ காரத்தன்மையைக் கூட்டியபோதோ இறங்கியது இ3. நடுவில் ஒன்று மட்டும், டிடிடி போன்ற தயோல் சேர்மத்தை (கந்தக-ஹைட்ரஜன் தொகுதி கொண்டது) அதிகமாக ஊற்றியபோது இறங்கியது. அதுதான் இ2. ஹெர்ஷ்கோ, ஆரோன் சீகனோவர், அமெரிக்காவின் இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

டிடிடி ஏன் இ2-வை இறக்கியது? இ1 நொதி ஏடிபியைச் செலவழித்து, யுபிகுவிட்டினின் கடைசி கிளைசினைத் தன் சிஸ்டீன் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்) ஒன்றின் மேல் ஏற்றிக்கொள்கிறது. பிறகு அதை இ2-வின் சிஸ்டீனுக்குக் கைமாற்றுகிறது. இரண்டு இடத்திலும் பிணைப்பு ஒன்றேதான்: தயோஎஸ்டர். அது ஆற்றல் மிகுந்தது, ஆனால் நிலையற்றது. வேறொரு தயோல் அருகில் வந்தால் அவிழ்ந்துவிடும். இ3 வந்து இலக்குப் புரதத்தையும் இ2-வையும் சேர்த்து நிறுத்தும்போது, யுபிகுவிட்டின் இலக்கின் லைசின் மேல் ஏறுகிறது. அங்கே உண்டாவது ஐசோபெப்டைடு பிணைப்பு. அது டிடிடிக்கு அசையாது, கொதிக்கவைத்தாலும் அசையாது. உங்கள் சோதனை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

இனி பெயர்கள். மனிதனில் இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 40 புரதங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் சுமார் 150 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரே மாதிரி மடிப்பு. அதன் மேற்பரப்பில் ஓர் ஆழமற்ற பள்ளம். அதில் அந்தச் சிஸ்டீன். பெயரிடல்தான் தலைவலி. பழைய பெயர் யுபிசிஹெச் என்று தொடங்கும், மரபணுப் பெயர் யுபிஇ2 என்று தொடங்கும். யுபிசிஹெச்5ஏ, 5பி, 5சி என்பவை முறையே யுபிஇ2டி1, டி2, டி3. யுபிசிஹெச்7 என்பது யுபிஇ2எல்3. யுபிசி13 என்பது யுபிஇ2என். விற்பனைப் பட்டியல்கள் இரண்டையும் கலந்து போடுவதால், ஒரே புரதத்தை இரண்டு பெயரில் இரண்டு முறை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. யுபிஇ2ஐ, யுபிஇ2எம் ஆகிய இரண்டும் பெயரில் யுபிகுவிட்டினைத் தாங்கியிருந்தாலும் யுபிகுவிட்டினைத் தொடுவதில்லை. முதலாவது, யுபிகுவிட்டினைப் போன்ற இன்னொரு சிறு புரதமான சுமோவுக்கான இ2, அதாவது யுபிசி9. இரண்டாவது, அதே வகையைச் சேர்ந்த நெட்8-க்கான இ2, அதாவது யுபிசி12. "பல இ2-க்களைச் சோதித்தேன், இவை இரண்டும் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் ஆய்வேட்டைத் திருத்துபவர் சிரிப்பார்.

யுபிசிஹெச்5 முதலில் அறியப்பட்டது 1994-இல். மனிதப் பாப்பிலோமா வைரஸின் இ6 புரதம் (நம் இ1, இ2, இ3 வரிசையைச் சேர்ந்ததல்ல), இ6-ஏபி என்ற லைகேஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பி53 என்ற புற்றுநோய்த் தடுப்புப் புரதத்தை அழிக்கச் செய்கிறது. அந்த வேலைக்கு உதவும் இ2-வைத் தேடியபோது கிடைத்தது இது. 147 அமினோ அமிலங்கள், ஏறக்குறைய 17 கிலோடால்டன், செயல்மையம் 85-ஆம் சிஸ்டீன். பிறகு ஆய்வாளர்கள் ரிங் வகை இ3-க்களைச் சோதித்தபோதெல்லாம் கைக்கு முதலில் வந்தது இதுதான்; பெரும்பாலானவற்றோடு வேலையும் செய்தது. அப்படியே ஆய்வகங்களின் வழக்கமாகிவிட்டது.

வழக்கம் எங்கே ஏமாற்றும் என்பதற்கு, எதிர்த்திசையிலிருந்து ஒரு கதை சொல்கிறேன். யுபிகுவிட்டின் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது, நாயகன் யுபிசிஹெச்7.

2000-ஆம் ஆண்டில், சி-சிபிஎல் என்ற ரிங் வகை இ3-யும் யுபிசிஹெச்7-உம் சேர்ந்திருக்கும் படிக அமைப்பு வெளியானது. ஒரு ரிங் புரதம் இ2-வை எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு அதுதான் பல ஆண்டுகள் பாடநூல் படம். பிஆர்சிஏ1 என்ற இன்னொரு ரிங் புரதமும் யுபிசிஹெச்7-ஐப் பிடித்துக்கொள்வது தெரிந்தது. ஆனால் சோதனைக்குழாயில் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. சி-சிபிஎல் யுபிசிஹெச்7-ஐயும் யுபிசிஹெச்5பி-யையும் ஒரே மாதிரிதான் பிடிக்கிறது; வேலை நடப்பது 5பி-யோடு மட்டும். பிடிப்பது வேறு, வேலை வாங்குவது வேறு. படிக அமைப்பைப் பார்த்து "இதுதான் ஜோடி" என்று முடிவெடுத்தவர்கள் எல்லோரும் தவறான வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

விடை 2011-இல் வந்தது. சியாட்டிலில் ரேச்சல் கிளெவிட்டின் குழு மிக எளிய கேள்வி ஒன்றைக் கேட்டது: இ3 எதுவும் இல்லாமல், யுபிகுவிட்டின் ஏற்றிய இ2-வின் முன்னால் வெறும் லைசின் அமினோ அமிலத்தைக் கொட்டினால் என்ன ஆகும்? யுபிசிஹெச்5 தன் சுமையை லைசினிடம் கொடுத்துவிட்டது. யுபிசிஹெச்7 அசையவில்லை. சிஸ்டீனைக் கொட்டினால் உடனே கொடுத்தது. அதாவது யுபிசிஹெச்7-க்கு லைசினிடம் நேரடியாகக் கொடுக்கத் தெரியாது. இன்னொரு சிஸ்டீனிடம்தான் கொடுக்கும். தன்னிடமே ஒரு செயல்படும் சிஸ்டீன் வைத்திருக்கும் ஹெக்ட் வகை இ3-க்களோடு அது வேலை செய்வதற்குக் காரணம் புரிந்தது. அப்படியானால் இன்னொரு முடிச்சு: பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய பார்கின், ஹெச்ஹெச்ஏஆர்ஐ ஆகிய புரதங்களை எல்லோரும் ரிங் வகை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவை யுபிசிஹெச்7-ஓடு வேலை செய்வது எப்படி? அவை வெறும் ரிங் அல்ல. ஒரு ரிங்கால் இ2-வைப் பிடித்து, இரண்டாவது "ரிங்"கில் ஒளிந்திருக்கும் சிஸ்டீனில் யுபிகுவிட்டினை வாங்கி, பிறகு இலக்குக்குக் கொடுக்கும் கலப்பு வகை. பார்கினில் அது 431-ஆம் சிஸ்டீன், ஹெச்ஹெச்ஏஆர்ஐயில் 357-ஆம் சிஸ்டீன். ஓர் இ2-வின் குணத்தை ஒழுங்காக அளந்ததால் ஒரு புதிய இ3 குடும்பத்தின் இயக்கமே வெளிவந்தது. எல்லாவற்றையும் யுபிசிஹெச்5-ஓடு மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே உங்கள் புரதத்துக்கு யுபிசிஹெச்5சி ஒரு குப்பி, யுபிசிஹெச்7 ஒரு குப்பி, இரண்டும் வேண்டும். 5-ஓடு மட்டும் வேலை என்றால் ரிங். 7-ஓடும் வேலை என்றால், உங்கள் புரதத்தின் வரிசையை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். எங்கோ ஒரு சிஸ்டீன் காத்திருக்கலாம்.

மூன்றாவதாக, யுபிசி13-உம் அதன் கூட்டாளி எம்எம்எஸ்2 அல்லது யுஇவி1ஏ-யும் சேர்ந்த ஜோடி. கூட்டாளியின் மடிப்பு இ2 போலவே இருக்கும், ஆனால் செயல்மையச் சிஸ்டீன் இல்லாத பொம்மை. அந்தப் பொம்மை ஏற்கும் யுபிகுவிட்டினைப் பிடித்துத் திருப்பி நிறுத்துவதால்தான் 63-ஆம் லைசின் வழிச் சங்கிலி மட்டும் உருவாகிறது. இந்த ஜோடி 63-இல் கட்டுவது 1999-இல் காட்டப்பட்டது. யுபிசி13-ஐத் தனியாக வாங்கி, "சங்கிலி வரவில்லை" என்று திருப்பி அனுப்பக் கடிதம் எழுதாதீர்கள்.

யுபிகுவிட்டினில் ஏழு லைசின்கள் இருக்கின்றன: 6, 11, 27, 29, 33, 48, 63. முதல் மெத்தியோனினையும் சேர்த்தால் எட்டு இடங்களில் அடுத்த யுபிகுவிட்டின் ஒட்டலாம். 48 வழிச் சங்கிலி என்றால் பொதுவாகப் புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமுக்கான அழைப்பு, 63 என்றால் பெரும்பாலும் சமிக்ஞை அல்லது பழுதுபார்ப்பு. ரிங் வகை இ3-க்களில் எந்தச் சங்கிலி என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இ2. சிடிசி34, யுபிஇ2கே, யுபிஇ2ஜி1 ஆகியவை 48-இல் கட்டுபவை. யுபிஇ2எஸ் 11-இல் கட்டும். யுபிஇ2டபிள்யூ லைசினையே விட்டுவிட்டு இலக்கின் முன்முனையில் ஒரே ஒரு யுபிகுவிட்டினை வைத்துவிட்டுப் போய்விடும். யுபிசிஹெச்5-க்கு இந்த ஒழுக்கம் கிடையாது; கிடைத்த லைசினில் ஒட்டும். சில இ3-க்களோடு சேர்ந்து அது கவைபோல் பிரியும் சங்கிலிகளைக் கட்டுகிறது என்றும், அவற்றைப் புரோட்டியசோம் சரியாகச் சிதைப்பதில்லை என்றும் 2007-இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே யுபிசிஹெச்5 கொடுத்த ஏணியை நிறை நிறமாலைமானியில் போட்டு, "என் இ3 11, 48, 63 மூன்றிலும் கட்டுகிறது" என்று எழுதினால், நீங்கள் விவரிப்பது இ3-யை அல்ல, யுபிசிஹெச்5-இன் கைப்பழக்கத்தை.

உயிரணுவுக்குள் நிலைமை எவ்வளவு வேறாக இருக்கும் என்பதற்கு லெனலிடோமைடு நல்ல உதாரணம். அந்த மருந்து செரெப்ளான் என்ற இ3 பாகத்தோடு ஒட்டி, இரத்தப் புற்றுநோய் அணுக்களில் சில புரதங்களை அழிக்கச் செய்கிறது. 2018-இல் உயிரணுக்களில் மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தபோது, முக்கியமாக நின்றது யுபிஇ2ஜி1. யுபிஇ2டி3, அதாவது நம் யுபிசிஹெச்5சி, முதல் யுபிகுவிட்டினை வைக்கிறது. யுபிஇ2ஜி1 வந்து அதன் மேல் 48-இல் சங்கிலியை நீட்டுகிறது. ஒருவர் பிள்ளையார் சுழி போட, இன்னொருவர் கடிதம் எழுதுவது போல. இலக்குப் புரதத்தைக் கரைக்கும் மருந்துகளில் வேலை செய்யும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், இந்த இருவரையும் ஒரே குழாயில் சேர்த்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

வாங்குவதா, செய்வதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மைக்ரோகிராம் குப்பி என்றால், 17 கிலோடால்டன் புரதத்தில் ஏறக்குறைய 5.9 நானோமோல். 20 மைக்ரோலிட்டர் வினையில் 1 மைக்ரோமோலார் போட்டால் 20 பிக்கோமோல் செலவாகும். ஆக ஒரு குப்பியில் சுமார் 290 வினைகள். ஆறு இ3-க்களைச் சோதிக்க இது தாராளம். ஆனால் ஓர் ஆய்வேடு முழுவதும் இதே வேலை என்றால் செய்துகொள்வதே நல்லது. யுபிசிஹெச்5சி செய்யச் சுலபமான புரதம்: ஈ.கோலையில் 18 டிகிரியில் இரவு முழுவதும் வளர்த்தால் ஒரு லிட்டரிலிருந்து பல மில்லிகிராம் கரையும் நிலையில் கிடைக்கும். மரபணு ஏற்றிய பிளாஸ்மிடுகள் ஆட்ஜீன் என்ற பிளாஸ்மிடு சேமிப்பகத்திலும், டண்டீ பல்கலைக்கழகத்தின் எம்ஆர்சி பிரிவிலும் கிடைக்கின்றன. ஆய்வகத்து ஈ.கோலையில் யுபிகுவிட்டின் கட்டமைப்பு கிடையாது என்பது கூடுதல் நன்மை. உங்கள் இ2-வோடு யாருடைய யுபிகுவிட்டினும், அதை வெட்டும் நொதியும் ஒட்டிக்கொண்டு வராது.

அதே காரணத்தால் ஒரு குறையும் உண்டு. பாக்டீரியாவில் செய்த மனிதப் புரதத்துக்கு மனித அணு செய்யும் ஒப்பனைகள் இருக்காது. யுபிசிஹெச்5-க்கு இது பெரிதாகப் பாதிக்காது. ஆனால் சற்றுமுன் சொன்ன யுபிசி12-இல், முன்முனையில் இருக்கும் அசிடைல் தொகுதியைத்தான் டிசிஎன்1 என்ற துணைப்புரதம் பிடிக்கிறது. ஈ.கோலையில் சாதாரணமாகச் செய்த யுபிசி12-இல் அது இருக்காது. பிடிப்பும் மிகத் தளர்ந்துபோகும். நொதி நன்றாகத்தான் இருக்கும், கேள்விக்குத் தவறான பதில் சொல்லும்.

இ1-ஐ வாங்கிவிடுங்கள். 118 கிலோடால்டன், செய்வது எரிச்சலான வேலை. ஒரு வினைக்கு 100 நானோமோலார் போதும் என்பதால் 50 மைக்ரோகிராம் வாங்கினால் 200 வினைகளுக்கு மேல் வரும். யுபிகுவிட்டினில் பணம் மிச்சம் பிடிக்கலாம். மாட்டின் சிவப்பணுக்களிலிருந்து எடுத்த மலிவான யுபிகுவிட்டினுக்கும் மனித யுபிகுவிட்டினுக்கும் 76 அமினோ அமிலங்களில் ஒன்றுகூட வேறுபாடில்லை. ஈஸ்ட் வரை போனால்தான் மூன்று மாறும். "மனிதனுடையது" என்று முகப்புத்தாள் ஒட்டியிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

சுத்திகரிக்க வசதியாகப் புரதத்தின் முனையில் மாட்டும் ஒட்டுவால் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பேன். இ2-வின் முன்முனைச் சுருள்தான் இ1-ஓடும் இ3-ஓடும் பேசும் இடங்களில் ஒன்று. ஆறு ஹிஸ்டிடின் வாலை அங்கே மாட்டியிருந்தால் பெரும்பாலும் வேலை நடக்கும்தான். ஆனால் வேகத்தை அளக்கும் சோதனை என்றால் வாலை வெட்டிய புரதமே வேண்டும். ஜிஎஸ்டி என்ற புரதத்தையே வாலாக மாட்டுவதைப் பற்றி என் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வு மாணவனாக இருந்தபோது, ஜிஎஸ்டி ஒட்டிய ஒரு ரிங் புரதத்தை யுபிசிஹெச்5பி-யோடு போட்டு, அருமையான ஏணி ஒன்று எடுத்தேன். அதை மூன்று மாதம் ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் காட்டினேன். ஒரு நாள் என் மூத்த ஆய்வாளர், "வாலை வெட்டிவிட்டுப் போட்டாயா?" என்றார். வெட்டினேன், ஏணியும் போனது. ஜிஎஸ்டி இயல்பிலேயே ஜோடி சேர்வது. அது இரண்டு ரிங்குகளைச் செயற்கையாகச் சேர்த்து நிறுத்தியிருந்தது. போதாததற்கு ஜிஎஸ்டியின் லைசின்களே யுபிகுவிட்டினை வாங்கிக்கொண்டிருந்தன. என் இ3-யின் இலக்கு என் ஒட்டுவால்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

குப்பி வந்ததும், அல்லது நீங்களே செய்து முடித்ததும், இ3-யைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் இ2-வுக்கு ஏற்றச் சோதனை செய்யுங்கள். இ1 0.1 மைக்ரோமோலார், இ2 5 மைக்ரோமோலார், யுபிகுவிட்டின் 20 மைக்ரோமோலார், மக்னீசியம் 5 மில்லிமோலார், ஏடிபி 2 மில்லிமோலார், பிஹெச் 7.5, 37 டிகிரி. பத்து நிமிடத்தில் எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைத் தயோல் இல்லாத எஸ்டிஎஸ் கரைசலில், கொதிக்கவைக்காமல் ஜெல்லில் ஏற்றுங்கள். மறு பாதியை டிடிடி சேர்த்துக் கொதிக்கவைத்து ஏற்றுங்கள். முதல் பாதியில் 17-இல் இருந்த பட்டை 25 கிலோடால்டன் அருகே ஏறியிருக்க வேண்டும். 17-உம் யுபிகுவிட்டினின் எட்டரையும். மறு பாதியில் அது திரும்ப 17-க்கு இறங்கியிருக்க வேண்டும். 1983-இல் பிரிப்புக் குழாயிலிருந்து இ2-வை இறக்கிய அதே டிடிடிதான் இங்கும் இறக்குகிறது. பெரும்பகுதி ஏறவில்லை என்றால் புரதத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது என்று பொருள். குப்பியில் எழுதியிருக்கும் செறிவு புரதத்தின் செறிவுதானே தவிர, வேலை செய்யும் நொதியின் செறிவு அல்ல. டிடிடி சேர்த்த பாதியிலும் 25-இல் பட்டை பிடிவாதமாக நின்றால், இ2 தன் மேலேயே லைசினில் யுபிகுவிட்டினை ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள். ஏணிகளில் பாதிப் பொய் இங்கேதான் பிறக்கிறது. யுபிசிஹெச்5-ஐ அதிகமாகப் போட்டு ஒரு மணி நேரம் விட்டால், இ3 இல்லாமலேயே அது தன்னையும் அருகில் இருப்பவற்றையும் யுபிகுவிட்டினால் மெழுகத் தொடங்கும். யுபிகுவிட்டின் எதிர்ப்பொருளால் பார்த்தால் எல்லாம் ஏணிதான். யாருடைய ஏணி என்று அந்த எதிர்ப்பொருள் சொல்லாது. ஆகவே அதே ஜெல்லை இ2 எதிர்ப்பொருளாலும், இ3 எதிர்ப்பொருளாலும், இலக்கு இருந்தால் இலக்கின் எதிர்ப்பொருளாலும் பாருங்கள். ஏடிபி இல்லாத குழாய், இ3 இல்லாத குழாய், இ2-வில் 85-ஆம் சிஸ்டீனை மாற்றிய குழாய், இ3-யில் இ2-வைப் பிடிக்கும் எச்சத்தை மாற்றிய குழாய் ஆகிய நான்கும் இல்லாத படத்தை நான் கட்டுரை மதிப்பீட்டில் திருப்பி அனுப்பிவிடுவேன். இதற்காக என்னைக் கடுமையானவர் என்று சொல்பவர்கள் உண்டு; ஜிஎஸ்டி ஏணியைச் சுமந்தவனுக்குக் கடுமை வராமல் என்ன செய்யும்?

யுபிசிஹெச்5-இன் முதுகுப் பக்கத்தில், செயல்மையத்துக்கு எதிரே, இன்னொரு யுபிகுவிட்டின் வந்து லேசாக ஒட்டும் இடம் ஒன்று உண்டு. ஒரு நொதியின் முதுகில் ஒட்டிய யுபிகுவிட்டின் அடுத்த நொதியின் கையில் ஏறியிருப்பதாக இருக்கலாம். அப்படியே கோத்துக்கொண்டு போவதும் நீண்ட சங்கிலிக்கு ஒரு காரணம். 22-ஆம் செரினை ஆர்ஜினினாக மாற்றினால் அந்த இடம் அடைபடும். இயல்பான புரதத்தோடு பெரிய ஏணி, மாற்றியதோடு ஒன்றிரண்டு படி என்றால், நீளம் இ3-யின் திறமையல்ல, இ2-வின் முதுகு செய்த வேலை. இந்த மாற்றத்தோடு 85-ஆம் சிஸ்டீனை லைசினாக மாற்றியது இன்னொரு அழகான தந்திரம்: யுபிகுவிட்டின் தயோஎஸ்டராக ஏறாமல் அவிழாத பிணைப்பாக ஏறி நின்றுவிடும். டண்டீயில் ரொனால்ட் ஹேயின் குழு 2012-இல் இப்படி உறையவைத்த யுபிசிஹெச்5ஏ-யைத்தான் ஆர்என்எஃப்4 என்ற ரிங் வகை இ3-யோடு படிகமாக்கியது. ரிங் என்பது வெறும் தரகர் இல்லை. இ2-வின் மேல் ஆடிக்கொண்டிருக்கும் யுபிகுவிட்டினை மடக்கிப் பிடித்து, லைசின் வந்து தாக்கத் தோதாக நிறுத்துகிறது என்று அதில் தெரிந்தது.

உங்கள் புரதம் இதைச் செய்கிறதா என்று பார்க்க ஏணியைவிட நேர்மையான சோதனை ஒன்று உண்டு. இ2-வில் யுபிகுவிட்டினை ஏற்றுங்கள். அபைரேஸ் நொதி சேர்த்து ஏடிபியைத் தீர்த்துவிடுங்கள். இனி புதிதாக ஏற முடியாது. பிறகு 20 மில்லிமோலார் லைசினையும் உங்கள் இ3-யையும் சேர்த்து, அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று எடுத்து, தயோல் இல்லாத ஜெல்லில் 25-இல் இருக்கும் பட்டை எவ்வளவு விரைவில் கரைகிறது என்று பாருங்கள். இ3 இல்லாத குழாயைவிட வேகமாகக் கரைந்தால், உங்கள் ரிங் உண்மையிலேயே இ2-வை உசுப்புகிறது. இலக்கும் வேண்டாம், எதிர்ப்பொருளும் வேண்டாம். சாயம் போட்ட ஜெல் போதும். யுபிசிஹெச்7-ஓடு இதே சோதனை லைசினில் பலிக்காது என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சேமிப்பில் பெரிய மந்திரம் இல்லை. சிறுசிறு குப்பிகளாகப் பிரித்து, பத்து சதவீத கிளிசராலோடு திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு குப்பியை ஒரு முறைக்கு மேல் உருக்காதீர்கள். சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் அடையாமல் இருக்க ஒடுக்கி வேண்டும், ஆனால் சேமிப்புக் கரைசலின் டிடிடி வினைக்குள் எவ்வளவு போகிறது என்று கணக்கிடுங்கள். மில்லிமோலாருக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. பல மில்லிமோலார் போனால் ஏற்றிய யுபிகுவிட்டினைப் பக்கவாட்டில் அவிழ்த்துக்கொண்டே இருக்கும். நான் டிசெப் என்ற ஒடுக்கிக்கு மாறிவிட்டேன். அது தயோல் அல்ல.

இவ்வளவும் செய்து, எந்த இ2-வோடும் உங்கள் புரதம் அசையவில்லை என்றால், அடுத்த இ2-வுக்கு விலைப்புள்ளி கேட்பதற்கு முன் இ3 கரைசலின் பக்கம் திரும்புங்கள். ரிங்கின் மடிப்பைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு துத்தநாக அயனிகள். பழக்க தோஷத்தில் அதன் கரைசலில் யாராவது உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏ சேர்த்திருந்தால் துத்தநாகம் உருவப்பட்டிருக்கும். ஜெல்லில் பட்டை சுத்தமாகத்தான் தெரியும், புரதம் மட்டும் உருக்குலைந்திருக்கும். வளர்ப்பு ஊடகத்தில் கொஞ்சம் துத்தநாகக் குளோரைடு சேர்த்து, இடிடிஏ இல்லாத கரைசலில் மறுபடியும் எடுத்து, முதலில் யுபிசிஹெச்5சி-யோடு போட்டுப் பாருங்கள்.